முப்பத்தெட்டு வருடம் தள்ளிப்போன காப்ரி

நேப்பிள்ஸ் பக்கம், எங்கள் காஸ்தெல்லம்மாரே துறையில் காப்ரி தீவுக்குப் போகும் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் நான் பன்னிரண்டு கோடைகாலம் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி கேட்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். ஆனால் ஒரே பயணத்துக்காக ஏழு முறை வந்து கேட்டவர், தோன்னா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் எர்சீலியா மட்டும்தான். அதுவும் அந்தத் தீவு அவர் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும்.

எர்சீலியா பள்ளிக்கூடத்தில் சமைப்பவர். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், நான் உட்பட. குள்ளமான உருவம், கனத்த குரல், எதையும் அளந்து செய்கிற கை. கணவர் கத்தெல்லோ கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அதிகம் பேச மாட்டார். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்தவர், ஐம்பத்தெட்டு வயதில் நுரையீரல் கெட்டுப்போய் வேலையை விட்டார். கடைசி இரண்டு வருடமாக மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளையுமாகத்தான் இருந்தார்.

அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது 1980 நவம்பர் 22, சனிக்கிழமை. திங்கள்கிழமை காலையில் சொரெந்தோவிலிருந்து படகேறி காப்ரிக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டை அங்கே முடித்துவிட்டு, சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம். தேனிலவு என்று அவர்களால் முடிந்தது அந்த ஒரு நாள்தான். நடுவில் ஞாயிறு சாயங்காலம் பூகம்பம் வந்தது. ஒன்றரை நிமிடம். கத்தெல்லோவின் வீடு இருந்த கட்டடம் சரிந்தது. மற்ற எல்லோரும் அப்போது அடுத்த தெருவில் மாமா வீட்டில், கல்யாணச் சாப்பாட்டின் மிச்சத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கத்தெல்லோவின் தங்கை தித்தீனா மட்டும் டெலிவிஷன் பார்க்கப் போகிறேன் என்று வீட்டுக்குப் போயிருந்தாளாம். பதினாறு வயது. மறுநாள் மத்தியானம் இடிபாட்டிலிருந்து அவள் உடலை எடுத்தபோது கையில் அண்ணனின் பழுப்புக் கோட்டு இருந்தது.

அந்தக் கோட்டைப் பற்றி அவள் அம்மா, வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்வார். "உயிர் போற நேரத்திலயும் அண்ணனுக்குக் குளிருமேன்னு கோட்ட எடுத்துட்டு ஓடியிருக்கா என் பொண்ணு." பதினேழு வருடம், தான் கண்ணை மூடும்வரை சொன்னார். கத்தெல்லோ பக்கத்திலேயே தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்.

காப்ரி அப்படியே நின்றுபோனது. முதலில் துக்கம். பிறகு தகரக் கொட்டகையில் மூன்று வருடம். பிறகு மகன் எஸ்பெதித்தோ பிறந்தான். அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கத்தெல்லோவுக்கு ஒரு காரணம் கிடைத்தது. வெயில், கூட்டம், முதுகு வலி, விலை. எர்சீலியாவுக்கு அது ஆறாத குறை. கோபத்தை வேடிக்கையாக்கிச் சொல்வது அவர் பழக்கம். கல்யாண வீடோ திருவிழாவோ, நாலு பேர் கூடினால் ஆரம்பித்துவிடுவார்:

"என் புருஷன் முப்பது வருஷமா கப்பல் கட்டறான். ஒரு நாளுகூடப் பொண்டாட்டியக் கப்பல்ல ஏத்தல."

எல்லோரும் சிரிப்பார்கள். கத்தெல்லோவும் சிரிப்பார். "நான் கட்டற கப்பலு பெருசு, நீ அதுல தொலைஞ்சு போயிருவ" என்பார். அந்தப் பதிலும் எங்களுக்கு மனப்பாடம்.

2019 மே மாதம், கத்தெல்லோ கோடைகாலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்த கத்தெல்லோ, "எர்சீ, காப்ரிக்குப் போலாம்" என்றாராம்.

மறுநாள் காலை எர்சீலியா என் ஜன்னலுக்கு வந்தார். பள்ளிக்கூட சமையல் பட்டியலின் பின்பக்கத்தில் கேள்விகளை வரிசையாக எழுதியிருந்தார்.

"அனியெல்லோ, ஏறற இடத்துல எத்தன படி?"

"படி இல்ல தோன்னா எர்சீலியா. பலகைதான்."

"அலை இருந்தா ஆடுமா?"

"கொஞ்சம் ஆடும். ரெண்டு பேரு பிடிச்சுக்குவாங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு? நான் சோத்துல உப்பு கொஞ்சம்னு போட்டா நீ அழுவியே சின்னப்ப, அவ்வளவா?"

கணக்கு முழுவதும் ஆக்ஸிஜனை வைத்துத்தான். கையில் எடுத்துப்போகும் உருளை ஒன்று மூன்று மணி நேரம் வரும். இரண்டு உருளை, ஆறு மணி நேரம். வீட்டிலிருந்து எட்டே கால் மணிக்குக் கிளம்பினால் இரண்டே காலுக்குள் திரும்பிவிட வேண்டும். ஒன்பது பத்துக்குக் கிளம்பும் படகு, பத்து மணிக்குத் தீவு. ஒரு மணிப் படகில் திரும்பல். நடுவே மூன்று மணி நேரம். கேபிள் ரயிலில் மேலே ஊருக்கு ஏறி, சதுக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காபி, பிறகு இறக்கம். கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, சக்கர நாற்காலி எந்தக் கதவு வழியாகப் போகும் என்று எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு போனார். படகில் உருளை ஏற்ற கேப்டனின் அனுமதியும் டாக்டர் கடிதமும் வேண்டும் என்றேன். இரண்டே நாளில் கடிதம் வந்தது. கேப்டனிடம் நான் பேசினேன்.

வடக்கே மொதேனா நகரத்திலிருந்து மகன் எஸ்பெதித்தோ போனில் கத்தினானாம். "நடுக்கடல்ல அப்பாவுக்கு எதாச்சும் ஆச்சுன்னா என்னம்மா பண்ணுவ?"

"வீட்டுல ஆனா என்ன பண்ணுவேனோ அதத்தான்டா பண்ணுவேன்."

அந்த மூன்று வாரம்தான் அவர்களுடைய நல்ல காலம் என்று எர்சீலியா பிறகு என்னிடம் சொன்னார். சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து திட்டத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். எந்தச் சட்டை போடுவது என்று கத்தெல்லோ கேட்பார். மூச்சு வாங்கிக்கொண்டே இவரைக் கிண்டல் செய்வார். "ராணுவம்கூட இப்படித் திட்டம் போட்டிருக்காது." இருபது வருடமாக அவர் அவ்வளவு பேசியதில்லையாம்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் மூடிய அடுத்த செவ்வாய்க்கிழமை போனார்கள். கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் இருந்தது. நானும் இன்னொருவரும் நாற்காலியைத் தூக்கிப் படகில் வைத்தோம். எர்சீலியா நீலப்பூப் போட்ட கவுன் போட்டு உதட்டுச் சாயம் பூசியிருந்தார். பையில் முட்டை ஊற்றிப் பொரித்த மக்கரோனி, பீச் பழம், மாற்று உருளை. "பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்றேன். "பொண்ணுதான், இன்னிக்குத்தான் தேனிலவு" என்றார். கத்தெல்லோ என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அதற்குப்பின் நடந்ததை எர்சீலியா சொல்லித்தான் அறிந்தேன்.

தீவில் இறங்கியதும் கத்தெல்லோ, கேபிள் ரயில் வரிசைப் பக்கம் போக வேண்டாம் என்றார். துறைமுகச் சுவரோரம் நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது.

"இங்கயே உட்காரலாம்."

"இங்க என்ன இருக்கு? மீன் நாத்தம். மேல போயி உட்காரலாம்."

"வேணாம் எர்சீ."

எர்சீலியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வாரம் கணக்குப் போட்டது, ஏழு முறை ஜன்னலுக்கு நடந்தது, எல்லாம் சேர்ந்து வந்தது. "முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து, உள்ள போக வேணாங்கறியா? உனக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?" பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

"உட்காரு. ஒண்ணு சொல்லணும். மேல போனா மூச்சு இருக்காது."

அவர் உட்கார்ந்தார். கத்தெல்லோ கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டு வார்த்தை, பிறகு மூச்சு, பிறகு இரண்டு வார்த்தை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா அவரைச் சீண்டிக்கொண்டே இருந்தார். 'இவனாவது, காப்ரியாவது. பஸ்ல நேப்பிள்ஸ் போயி ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டு வந்துருவான்.' மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். எர்சீலியா அப்போது உள்ளே பெண்களோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கத்தெல்லோவுக்கு இருபத்தைந்து வயது, ரோஷம். டிக்கெட் இரண்டும் வீட்டில், நாலாவது மாடியில், பழுப்புக் கோட்டின் உள்பையில் இருந்தன. அவற்றைக் காட்டி மாமா மூக்கை உடைக்க வேண்டும் என்று தோன்றியது. தங்கையை வாசலுக்குக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: 'ஓடிப் போயி என் கோட்ட எடுத்துட்டு வா. எங்க போறன்னு கேட்டா டிவி பாக்கன்னு சொல்லு.'

'எனக்கு என்ன தருவ?'

'காப்ரியிலருந்து செருப்பு.'

'சிவப்பு' என்று சொல்லிவிட்டு ஓடினாளாம் தித்தீனா.

"அவ எனக்குக் குளிருமேன்னு எடுக்கல எர்சீ" என்றார் கத்தெல்லோ. "நான் அனுப்பினேன்."

எர்சீலியா கேட்ட முதல் கேள்வி, "வேற யாருக்குத் தெரியும்?"

"இப்ப உனக்கு."

"உங்கம்மாவுக்கு?"

"இல்ல."

அப்போதுதான், தான் சொல்லிச் சொல்லிச் சிரித்த அந்தக் கேலி ஒவ்வொன்றாக அவருக்கு நினைவு வந்தது. எந்தக் கல்யாணம், யார் வீட்டு ஞானஸ்நானம், எந்த மேஜை. பக்கத்தில் கத்தெல்லோவின் சிரித்த முகம். அந்தப் பதிலைச் சொல்லும்போது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தாராம்.

"அந்த நேரத்துல அவரக் கட்டிப் பிடிச்சிருக்கணும் அனியெல்லோ. 'உன் தப்பு இல்ல'ன்னு ஒரு வார்த்த. குழந்த கூடச் சொல்லும் அத. நான் சொல்லல. 'ஏன் இத்தன நாளு என்கிட்ட மறச்ச'ன்னு கேட்டேன். நான் எழுந்து போயிட்டேன்."

"எங்க?"

"டிக்கெட் மாத்த. பதினொன்னரைப் படகுக்கு. வரிசையில இருபது நிமிஷம் நின்னேன், அவருக்கு முதுகக் காட்டிட்டு. என்னால அந்த மூஞ்சியப் பாக்க முடியல. எனக்காகத்தான் அந்த டிக்கெட்ட வாங்கினாரு. எனக்குக் காப்ரி பாக்கணும்னு ஆசைன்னு சொன்னதே நான்தான். அந்தப் பொண்ணு செத்ததுல எனக்கும் பங்கு இருக்குன்னு அந்த வரிசையில நிக்கறப்பத்தான் தெரிஞ்சுது."

திரும்பி வந்தபோது கத்தெல்லோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியில் கைக்குட்டை விரித்து, அவருக்காகப் பீச் பழத்தைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். இருவரும் அதைச் சாப்பிட்டார்கள். படகில் அவர் எர்சீலியாவின் தோளில் தலை வைத்துத் தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லை. அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று எர்சீலியா இருந்துவிட்டார்.

அவர்களைத் துறையில் இறக்கியது நான்தான். ஒரு மணிப் படகை எதிர்பார்த்திருந்தேன். "என்ன, சீக்கிரமே வந்துட்டீங்க? நல்லா இருந்துச்சா?" என்றேன். "அழகான ஊரு" என்றார் கத்தெல்லோ. எர்சீலியா என்னைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் சொல்ல வாய்ப்பு வரவில்லை. வந்தபோதும் வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. எர்சீலியாவே அப்படித்தான் சொன்னார். மருந்து கொடுத்தார், முதுகு தேய்த்துவிட்டார், தலையணையைச் சரி செய்தார். ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுத்து, சூப்பு வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தார். பத்தொன்பதாம் நாள் காலையில் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் முகம் முழுக்க மூடும் மூச்சுக் கவசம் போட்டார்கள், அந்த இயந்திரம் ஓயாமல் இரைந்தது. அதற்கு நடுவே எர்சீலியா அவர் காதில் வாயை வைத்து, 'உன் தப்பு இல்ல' என்று சொன்னார். மூன்று முறை. கத்தெல்லோவின் கண் மூடியிருந்தது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு எங்கள் தெரு முழுக்க வந்தது. யாரோ ஒருவர் ஆறுதலாக, "கடைசியில காப்ரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாருல்ல, அது போதும்" என்றார். எர்சீலியா தலையை மட்டும் ஆட்டினார்.

செப்டம்பர் கடைசியில், கூட்டம் குறைந்த ஒரு காலை, அவர் என் ஜன்னலுக்கு வந்தார். டிக்கெட் கேட்கவில்லை. நான் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். துறையோரம் நடந்தபடியே இவ்வளவையும் சொன்னார். முடித்துவிட்டு, "அந்த மெஷின் சத்தத்துல கேட்டிருக்குமா?" என்றார்.

"கேட்டிருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?" கோபமில்லாமல், அலையில் பலகை எவ்வளவு ஆடும் என்று கேட்ட அதே குரலில் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

கல்லறைத் திருநாளுக்கு எஸ்பெதித்தோ வந்தபோது அவனிடமும் சொல்லிவிட்டார். ஒரு ஆள் நெஞ்சில் மட்டும் இதை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது, இனி வேண்டாம் என்று நினைத்தாராம். அவன் அத்தையின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "இத ஏன்மா என்கிட்ட சொன்ன?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடாமல் ரயிலேறிவிட்டான். மூன்று வாரம் போன் இல்லை.

நான்காவது வாரம், எர்சீலியா பள்ளிக்கூடத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். அப்பாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டாயா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். பிறகு, தித்தீனா அத்தைக்குப் பிறந்தநாள் எப்போது என்று கேட்டானாம். எர்சீலியாவுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. மாலை கல்லறைக்குப் போய், கல்லில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மீதி பீன்ஸை உரித்தார்.