ஐயர் வண்டியின் இடது கிராங்கு

ஜெகபர் அலி யாரையும் திட்டிப் பேசியவர் அல்ல. பாராட்டிப் பேசியதும் கிடையாது. இன்னொருவருடைய வேலையை யாராவது அவர் முன்னால் புகழ்ந்தால், எண்ணெய்த் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே "ம்" என்பார். அந்த ஒற்றை ஒலிக்குள் எவ்வளவு கிடந்து புரள்கிறது என்பது அவர் மனைவி மெஹராஜ் பேகத்துக்கு மட்டும் தெரியும்.

திருத்துறைப்பூண்டியில் கடைத்தெரு முடிந்து ஆற்றுப்பாலம் ஏறுவதற்கு முன்னால் அவருடைய லேத் பட்டறை இருந்தது. நாகப்பட்டினத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் இடத்தில் கடைசல் வேலை கற்றவர். வயல்களுக்கு பம்புசெட்டு வரத் தொடங்கியபோது, இனி இங்கே இரும்புக்கு வேலை இருக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டார். அவர் வயதுக்காரர்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறினார்கள். இவர் போகவில்லை. போன தம்பி அனுப்பிய சென்ட் பாட்டில்களை முத்திரை உடைக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். உபயோகிக்கவும் மனம் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் மனம் இல்லை.

சைக்கிள் வேலை அவரைத் தேடி வந்ததற்குக் காரணம் மீன்காரர்கள். கடற்கரையிலிருந்து ஈரக் கூடைகளைக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் ஊர் ஊராகப் போக வேண்டியவர்கள். கம்பெனி சைக்கிளின் அச்சு ஒரு மனிதனைச் சுமப்பதற்காகச் செய்தது. மனிதனையும் இரண்டு கூடை மீனையும் அது தாங்காது. ஜெகபர் அலி கழித்துப்போட்ட லாரி அச்சை வாங்கி, அறுத்து, மெலிதாகக் கடைந்து, சைக்கிளுக்கான அச்சும், சக்கரத்தின் நடுவில் உட்காரும் ஹப்பும் செய்தார். இட்லி ஊற்றுவதுபோல, ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டுதான். ஒரு ஈடு தீர்ந்த பிறகே அடுத்த இரும்பில் கை வைப்பார். அவர் அச்சு வளைந்து பார்த்தவர்கள் இல்லை.

அந்த அச்சு ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் நாகேஸ்வரன் பட்டறைக்கு வந்தார். கிழக்கே ஒரு கிராமத்தில் பெரிய ஐயர் மிராசு குடும்பம் அவருடையது. குத்தகைச் சட்டம் வந்து, நில உச்சவரம்பு வந்து, கூலித் தகராறும் வந்தபின் அண்ணன்கள் நிலத்தைக் கைமாற்றிவிட்டு மதராசுக்கு பேங்க் வேலைக்கும் வாத்தியார் வேலைக்கும் போய்விட்டார்கள். சிறு வயதிலிருந்து சைக்கிள் பைத்தியமாகத் திரிந்த நாகேஸ்வரன் மட்டும் கடைத்தெருவில் சைக்கிள் கடை போட்டார். குழாய்களை அறுத்து, பித்தளையை உருக்கி ஒட்டி, ஓட்டுகிறவரின் உயரத்துக்கும் சுமைக்கும் ஏற்றபடி பிரேம் கட்டத் தானே கற்றுக்கொண்டார். மிராசு வீட்டுப் பிள்ளை நெருப்பும் புகையுமாக உட்கார்ந்திருப்பதை ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, பிறகு மெச்சியது.

இருவரும் சேர்ந்து செய்ய ஆரம்பித்தார்கள். பிரேமும் பெயிண்டும் ஐயருடையது; ஹப்பு, அச்சு, பெடல், பெடலைத் தாங்கிச் சுழலும் கிராங்கு எல்லாம் பாயுடையது. தபால்காரருக்கு ஒன்று, பால்காரருக்கு ஒன்று, நூற்றுப் பத்து கிலோ எடையுள்ள ஜவுளிக்கடைக்காரருக்கு ஒன்று. வருஷத்துக்கு ஏழெட்டு வண்டிக்கு மேல் போகாது. ஒவ்வொன்றின் கழுத்திலும் நாகேஸ்வரன் ஒரு பித்தளைத் தகடு பதித்தார். அதில் அவர் பெயர், கீழே ஊர் பெயர். ஜனங்கள் அதை ஐயர் வண்டி என்றார்கள்.

எங்கோ தூரத்தில் இருப்பவன் மேல் நமக்கு வருவது ஆசைதான். பொறாமை பக்கத்தில் உட்கார்ந்து பாதி வேலை செய்கிறவன் மேல் வருகிறது. ஐயர் வண்டி முறியாது என்று டீக்கடையில் யாரோ சொல்ல, ஜெகபர் அலியின் தேநீர் அப்படியே ஆறிப்போகும். முறியாமல் இருப்பது எது? பிரேமா? அச்சுதானே? ஆனால் அச்சு வெளியே தெரிவதில்லை. வண்டி எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு அது மறக்கப்படுகிறது.

"உங்க வேலை உள்ள இருக்குல்ல, அது போதாதா?" என்று மெஹராஜ் பேகம் ஒருநாள் கேட்டார்.

"கிரீசுக்குள்ள இருக்கு" என்றார் ஜெகபர் அலி.

தி.மு.க. இரண்டாவது முறை ஜெயித்த வருஷம் அது. மீதி நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியும், அறுப்புக் கூலியை உயர்த்தச் சொல்லியும் விவசாயத் தொழிலாளர் சங்கம் ஊருக்கு ஊர் கொடி ஏற்றிக்கொண்டிருந்தது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அப்படி ஒரு குறுவை அறுப்பில் நடந்த கைகலப்பில் காத்தையன் என்ற சங்கத்துக்காரரின் இடது முழங்காலில் தடி விழுந்தது. எலும்பு கூடியது, ஆனால் முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. பதினைந்து கிராமத்துக்குச் சங்கச் செய்தி கொண்டுபோகிற மனிதர் அவர். நடந்தால் ஒரு நாளைக்கு ஒரு கிராமம். சைக்கிள் ஏறினால் பெடல் மேலே வரும்போது முட்டி மடங்காமல் ஆளையே தூக்கிவிட்டது.

அவர் நாகேஸ்வரனின் கடைக்கு வந்தார். காத்தையனின் தகப்பன் அந்தக் குடும்பத்தின் பண்ணையில் வேலை செய்தவர். வாசலில் நின்று 'சாமி' என்று கூப்பிட்டவர். காத்தையன் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து 'சார்' என்றார். நாகேஸ்வரன் அதைக் கவனித்தார், காட்டிக்கொள்ளவில்லை. அவர் காலைத் தன் மடியில் வைத்து எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தார். பிறகு ஜெகபர் அலிக்கு ஆள் அனுப்பினார்.

காலை ஒரு தடவை மடக்கிப் பார்த்ததுமே ஜெகபர் அலிக்கு வழி தெரிந்துவிட்டது. இடது கிராங்கைப் பாதி நீளமாக்கினால் அந்தப் பக்கத்துப் பெடல் சின்ன வட்டமாகச் சுற்றும். முட்டி மடங்குகிற அளவுக்கு மேல் வராது. கம்பெனி கிராங்கை நடுவில் துளைத்தால் அங்கே இரும்பில் சதை போதாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும். இதை அவர் சொன்னபோது கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த யோசனை ஊருக்குள் சுற்றி அவர் பட்டறைக்கே வந்தது: நொண்டிக் காலுக்கு ஐயர் ஒரு குட்டைக் கிராங்கு கண்டுபிடித்திருக்கிறாராம்.

அன்று ஜெகபர் அலி "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

அந்தக் கிராங்கை அவர் வேறு எதற்கும் காட்டாத கவனத்தோடு செய்தார். லாரி அச்சிலிருந்து துண்டு எடுத்து, நெருப்பில் தட்டி, அரத்தில் இழைத்து, ஒரு பக்கம் அச்சுக்குத் துளையும் மறுபக்கம் பெடலுக்கு மரையும் போட்டார். இடது பெடலுக்கு மரை தலைகீழாகத்தான் ஓட வேண்டும். அதெல்லாம் கை தானாகச் செய்யும். முடித்துக் கையில் ஏந்திப் பார்த்தபோது, இதுவும் கறுப்புப் பெயிண்டுக்குள் போகப்போகிறது என்ற நினைப்பு வந்தது.

இரும்பில் எழுத்துக் குத்தும் பஞ்ச் பெட்டியைத் திறந்தார். ஆங்கில எழுத்துகள் அதில் இருந்தன. ஜே, ஏ என்று தன் பெயரின் இரண்டு எழுத்தை, ஓட்டுகிறவர் குனிந்தால் பார்க்கும்படி, கிராங்கின் வெளிப்பக்கத்தில் நடுவில் குத்தினார். ஐயரின் பெயிண்டு கனமாக ஏறும் என்பது ஞாபகம் வந்து அதே எழுத்தின் மேல் பஞ்சை வைத்துத் திரும்பவும் சுத்தியலால் ஓங்கி அடித்தார். பிறகு அதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றினார்.

பதம் ஏற்றப்போகிற இரும்பில் கூரான கீறல் இருக்கக்கூடாது. எண்ணெயில் விழுந்த நொடியில் கீறலின் முனையிலிருந்து வெடிப்பு ஓடும், கண்ணுக்கும் தெரியாது. கடைசல் கற்றவர்கள் முதல் வருஷத்திலேயே இதற்காகத் திட்டு வாங்கியிருப்பார்கள். ஜெகபர் அலியும் வாங்கியிருக்கிறார். அன்று அது அவருக்கு மறந்துபோனது என்று சொல்ல முடியாது. எழுத்து அவருக்குக் கீறலாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கிராங்கைக் கொடுத்தனுப்பினார், நாகேஸ்வரன் காத்தையனிடம் வண்டியை ஒப்படைத்த அன்று கடைக்குப் போகவில்லை. தன் பெயரை யாராவது பார்த்து, யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார். காத்தையன் அந்த வண்டியில் பட்டறையைத் தாண்டிப் போவார்; ஒரு கால் பெரிய வட்டமும் ஒரு கால் சின்ன வட்டமுமாக, பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேகமாகப் போவார். கையைத் தூக்கி "வரேன் பாய்" என்பார். எழுத்தைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. நிறுத்தச் சொல்லிப் பார்க்கவும் ஜெகபர் அலிக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வருஷம் சம்பா நடவு முடிந்த சமயத்தில் சங்கம் தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம் வந்தது. காத்தையன் முன்னால் சைக்கிளில் வந்தார். பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து மிதித்தபோது இடது கிராங்கு இரண்டாக ஒடிந்தது. ஆள் கைப்பிடிச் சுவரில் மோதி விழுந்தார். மோவாய் கிழிந்தது, அதே முழங்கால் அடி வாங்கியது.

ஊர்வலம் தாலுகா ஆபீசை விட்டுவிட்டுச் சைக்கிள் கடைக்குத் திரும்பியது. மிராசு வீட்டுப் பிள்ளை சங்கத்துக்காரன் ஏறும் வண்டியை வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்து கொடுத்திருக்கிறான் என்று ஒருவர் சொன்னார்; பத்துப் பேர் சொன்னார்கள்; அதற்குள் அது நடந்த விஷயமாகிவிட்டது. கடைக்கு வெளியே நிறுத்தியிருந்த இரண்டு சைக்கிள்கள் சாக்கடையில் கிடந்தன. நாகேஸ்வரன் வாசலில் நின்றார், முகம் வெளுத்து.

ஜெகபர் அலி கூட்டத்தின் ஓரத்தில் நின்று இதைக் கேட்டார். உண்மையைச் சொல்வதென்றால், முதலில் அவருக்கு நாக்கில் வெல்லம் கரைந்தது போல இருந்தது. ஐயர் வண்டி முறியாது என்றவர்களே இப்போது ஐயர் வண்டி முறிந்தது என்றார்கள். பேசாமல் இருந்தால் போதும். யாரும் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது கூட்டத்திலிருந்த ஒருவர் ஒடிந்த துண்டை நாகேஸ்வரனின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தக் கிராங்கச் செஞ்ச கையக் காட்டுய்யா, பாப்போம்."

பாய் செய்தது என்று நாகேஸ்வரன் சொல்லியிருக்கலாம். பயத்திலோ, பெருமையிலோ, வேறு எதனாலோ சொல்லவில்லை. செய்தது தான்தான் என்பதுபோல அவருடைய வலது கை மட்டும் லேசாக உயர்ந்தது.

அதை ஜெகபர் அலியால் தாங்க முடியவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவரு கையில என்ன இருக்கு காட்டறதுக்கு? ஒரு நட்டு கடையத் தெரியாது அவருக்கு. அது என் கிராங்கு. நான் செஞ்சது."

கூட்டம் அடங்கியது. அவர் துண்டை வாங்கிப் பார்த்தார். உடைப்பு இரண்டு எழுத்துக்கும் நடுவே ஓடியிருந்தது. உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் எண்ணெய் புகுந்து கருகிய பழைய கறுப்பு. பதம் ஏற்றிய அன்றே வெடித்தது. எழுத்தின் பள்ளத்தில் பெயிண்டுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினார். பெயிண்டுக்கு முன்னால் பள்ளம் நிரப்புகிற பட்டி.

"பேர அடச்சிருக்கீங்க, ஐயரே" என்றார் மெதுவாக.

நாகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். "வண்டியில ஒரு பேர் போதும்னு நெனச்சேன் பாய்."

தூக்கி வந்து கடைப் பெஞ்சில் உட்காரவைத்திருந்த காத்தையன், துண்டால் மோவாயை அழுத்திக்கொண்டே என்னவென்று கேட்டார். ஜெகபர் அலி சொன்னார்: பதம் போடுமுன் பெயர் குத்தியது, குத்திய இடத்தில் வெடித்தது, அந்தப் பெயரை இவர் பட்டி வைத்து மூடியது, எல்லாவற்றையும். காத்தையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் பேரு எழுத வேற எடம் கெடைக்கல. என் காலுதான் கெடச்சுது, இல்ல?"

பின்னால் யாரோ சிரித்தார். அதோடு கடைக்கு வந்த ஆபத்து போயிற்று. எழுந்து போகும்போது காத்தையன், "ஒடச்சவரே செஞ்சு குடுங்க பாய். எழுத்து கிழுத்து இல்லாம மொழுக்குனு இருக்கட்டும்" என்றார்.

ஜெகபர் அலி நேர்மையாக நடந்தார் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். அப்படிச் சொல்லிவிட எனக்குத் தயக்கம் உண்டு. உண்மை அன்று வெளியே வந்தது. ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது வேறொன்று. மெஹராஜ் பேகம் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சரியாகச் சொன்னார்: "ஐயர் வாங்க வேண்டிய அடியக்கூட அவருக்குன்னு விட்டு வைக்க உங்களுக்கு மனசு வரல."

அந்த வாரமே ஜெகபர் அலி புதுக் கிராங்கு செய்து, ஒரு கீறல் இல்லாமல் இழைத்து, தானே காத்தையன் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தார். பித்தளைத் தகட்டில் இரண்டு பெயரும் போடலாம் என்று நாகேஸ்வரன் சொல்லி அனுப்பினார். ஐயர் கொடுத்து வருகிற இடம் தனக்கு வேண்டாம் என்று ஜெகபர் அலி மறுத்துவிட்டார்.

ஊர் தன் பாட்டுக்கு வேறொன்று செய்தது. காத்தையன் போகிற கிராமத்திலெல்லாம், பாய் கிராங்கு ஒடிந்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கேலியாகப் பிறந்த 'பாய் வண்டி' என்ற பேச்சு, அடுத்த அறுப்புக்குள் கேலி தேய்ந்து பெயராகிவிட்டது. மீன்காரர்கள் சைக்கிள் கடைக்கே வந்து, பித்தளைத் தகட்டுக்கு முன்னால் நின்று, தங்களுக்கு ஒரு பாய் வண்டி வேண்டும் என்றார்கள்.

ஒரு மத்தியானம் நாகேஸ்வரன் ஹப்பு வாங்கப் பட்டறைக்கு வந்திருந்தார். வாசலில் நின்ற மீன்காரர் ஒருவர், பாய் வண்டி மாதிரி இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்று அவரிடமே அளந்துகொண்டிருந்தார். நாகேஸ்வரன் அங்கே கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்து, அழுக்கில்லாத விரல்களைத் துடைத்துக்கொண்டே "ம்" என்றார்.

ஜெகபர் அலி லேத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த முக்காலியை எடுத்து, துடைத்து, அவருக்குப் போட்டார்.