வேடியப்பனின் இறக்கை

வாணியம்பாடியில் பஸ் பாடி கட்டுகிறவனுக்கு விமானத்தோடு என்ன வேலை என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். தகடு எதில் நெளிந்தாலும் நிமிர்த்துகிறவன் நான்தான் என்பேன்.

உலகப்போரின்போது ஜவ்வாது மலையில் விழுந்த சண்டை விமானம் அது. பள்ளத்தில் கிடந்ததை, சென்னைக்காரர் ஒருவர் தம் அருங்காட்சியகத்தில் நிறுத்துவதற்காக அனுமதி வாங்கி எடுத்தார். பழுது பார்க்கும் வேலை எனக்கு. மலைக்காரர்கள்தான் ஒவ்வொரு பாகத்தையும் கழியில் கட்டி, தோளில் சுமந்து சாலைவரை கொண்டுவந்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் தந்தார்கள். மூக்கு விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்று, வேடியப்பன் கோயிலில் நடுகற்களுக்குப் பக்கத்தில் நட்டிருந்தது. சண்டையில் செத்தவனுக்குக் கல் நட்டு வேடியப்பனாகக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். இந்த விமானத்தில் செத்த விமானிக்குக் கல்லுக்குப் பதில் இறக்கையை நட்டு, மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து வருகிறார்கள்.

"மத்ததெல்லாம் தூக்கினு போங்க பாய். இவரு இங்கதான் இருப்பாரு" என்றார் பூசாரி. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

சென்னைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. அதே அளவில் புதிதாக ஒன்று செய்து, கீறி, நசுக்கி, மஞ்சள் பூசிக் கோயிலில் நட்டுவிட்டு, அசலைப் பிடுங்கி வரச் சொன்னார். ஊரே சாமை அறுப்புக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் போகலாமாம். செய்தால், அடுத்து வரும் விமானமும் எனக்கேயாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தொழுகிற திசை வேறுதான். அதற்காக இன்னொருவர் சாமியைத் திருடுவேனா?

புது இறக்கையைச் செய்தேன். ஒரு கீறல்கூடப் போடாமல், பாலிஷ் போட்டு, விமானத்திலேயே மாட்டினேன். பார்க்க வந்த சென்னைக்காரர் கத்தினார். அசலுக்கு நடுவே போலியா, அதைக் கோயிலில் நட்டிருந்தால் அந்த மலைக்காரர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்றார்.

"அவங்களுக்குப் போலி போதும்னா, உங்களுக்கும் போதும் சார்" என்றேன்.

பிறகு, அமிலம் தடவியாவது அதைப் பழசாக்கித் தரச் சொன்னார். முடியாது என்றேன். அடுத்த விமானம் வேறு பட்டறைக்குப் போனது. போகட்டும்.

இப்போது அவருடைய அருங்காட்சியகத்தில் பழைய தழும்புகளோடு இரண்டு இறக்கைகளும், பளபளவென்று ஒன்றும் நிற்கின்றன. அது மட்டும் ஏன் புதுசு என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்களாம். அவரே சொல்லட்டும்.