பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

எனக்குச் சத்தமாக ஜெபிக்க வரும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய தொண்டை. கண்ணை மூடினால் பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஆமென் வராது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும், யார் மகனுக்கு வேலை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. அப்போது அதற்கு ஊழியம் என்று பேர் வைத்திருந்தேன்.

என் தங்கை நாலு வீடு தள்ளி இருக்கிறாள். புருஷன் இறந்துவிட்டார், ஒரே மகள். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை சாப்பிட்டு, ஆறு வருஷமாக வராமல் இருந்தது. சாத்தான்குளத்திலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. தங்கை என் அடுப்படியில் வந்து நின்றாள்.

“எக்கா, ஞாயித்துக்கிழமை நானே டாக்டர் சீட்டோட போயி அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறேன். மறைச்சுக் கட்டிக்குடுக்க மாட்டேன். அதுவரைக்கும் உன் வாயில இருந்து ஒண்ணும் வந்துரக் கூடாது.”

“நான் யார்ட்டட்டி சொல்லப்போறேன்?” என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன்.

இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. பெண்கள் ஜெபக்கூட்டம் அன்று எங்கள் வீட்டில். ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்வது வழக்கம். மூட்டு வலி, மருமகள் பிரசவம், மகனுடைய குடி எல்லாம் அந்தப் பாயில்தான் இறங்கும். என் முறை வந்தது. “கலியாணம் கூடிவந்திருக்கிற ஒரு பிள்ளைக்கு வலிப்பு நோவு இருக்கு. பேரு வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும்” என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். பெயர் சொல்லாததில் ஒரு திருப்தி வேறு.

இருந்த பத்துப் பேருக்கும் தெரியும், ஊரார் பிள்ளைக்கு நான் அப்படி அழுகிறவள் இல்லை என்று. அதில் ஒரு அம்மாவுக்குப் புகுந்த ஊர் சாத்தான்குளம். டீ குடிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம தங்கச்சி மகளா?” என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை. “ஜெபிச்சுக்கிடுங்க” என்றேன்.

அவள் கெட்டவள் இல்லை. அவளும் ஜெபிக்கச் சொல்லித்தான் ஊருக்குப் போன் போட்டிருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டிலிருந்து தங்கைக்குப் பேசினார்கள். குடும்பமாக ஜெபித்தார்களாம், தேவ சித்தம் இல்லையாம். தாய் மறைத்துவிட்டாள் என்ற பேச்சும் சேர்ந்தே வந்தது. அதன் பிறகு வந்த இடமெல்லாம் வாசலோடு திரும்பியது. பிள்ளைக்கு இப்போது முப்பத்தைந்து வயது.

சம்பந்தம் முறிந்த பிறகு, கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறு வந்தது; அதற்கு முந்தின நாள் நான் போய்த் தங்கையின் காலைப் பிடித்தேன். அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். “மன்னிச்சாச்சுக்கா. மன்னிக்காம ஆண்டவரோட மேசைக்குப் போகமுடியுமா?” என்றாள். காபியும் போட்டுத் தந்தாள். நான் மடச்சி, எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுந்து வந்தேன்.

அவள் சொன்னது பொய் இல்லை. கோயிலில் பக்கத்தில் உட்காருகிறாள், பாட்டு நம்பர் எடுத்துத் தருகிறாள், பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புகிறாள். பேச்சு மட்டும் வெயிலையும் காய்கறி விலையையும் தாண்டவில்லை. ஏழு வருஷமாக அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது பேசலாம். மன்னித்தவளிடம் போய் என்ன கேட்பது?

போன மாதம் எதிர்வீட்டு பாயின் மனைவி கஞ்சித் தூக்கோடு ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்தேன். யாருக்கு என்று கேட்டேன். “உங்க தங்கச்சி மவளுக்குத்தான். வலிப்பு வந்து விழுந்து, ஆஸ்பத்திரில சேத்து ஒம்பது நாளாச்சே. உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

அதே ஆட்டோவில் நானும் போனேன். பிள்ளை தலையில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள். “ஒம்பது நாளாச்சே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாட்டி?” என்று அழுதேன்.

தங்கை கோபப்படவில்லை. மகளின் போர்வையை இழுத்துவிட்டபடி பைய சொன்னாள்: “சொன்னா நீ ஜெபம் பண்ணிருவியேக்கா.”