தை பிறந்தால் கோல் இல்லை

ஹாக்கி ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டர் முடிவதற்குள்ளேயே லோஷினியை வெளியே எடுத்துவிட்டார்கள். பயிற்சியாளர் கையைக் காட்டியதும் அவள் தலையைக் குனிந்தபடி ஓடிவந்து, பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து, துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அவளுடைய அம்மா பிரேமலா, கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

சனிக்கிழமை என்பதால் அரை நாள் வேலைதான். ஆனாலும் அந்த அரை நாளும் நின்றபடியேதான். பத்து பாகாட் ஊரில் சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் தையல் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த மேசைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறாள். புருஷன் விஜயனுக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. வாரக்கடைசியில் வருவார், சில வாரம் அதுவும் இல்லை. அதனால் மகளைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுவது, கூட்டி வருவது, புல்தரைத் தண்ணீரில் ஊறிய காலுறைகளை இரண்டு தடவை அலசுவது, முட்டிக்கு ஐஸ் வைப்பது எல்லாம் பிரேமலா பாடுதான்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் பெண்களை நிறுத்தி வைத்துப் பேசுவார். அந்தப் பேச்சு எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. அதுவரை பிரேமலா காத்திருக்கிற இடம், கார் நிறுத்துகிற திடலின் ஓரத்தில் பேச்சியம்மாள் போட்டிருக்கும் தே கடை. அங்கே இரண்டு பேர் ஏற்கனவே உட்கார்ந்து, முடிந்த ஆட்டத்தை மறுபடியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காளியப்பன், போலீஸ் அணிக்கு ஒரு காலத்தில் ஃபுல் பேக் ஆடியவர். இன்னொருவர் சதாசிவம், நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து வீட்டு மனிதர். ஸ்டிக்கைக் கையால் தொட்டதில்லை, ஆனால் ஒரு மேட்ச்சைத் தவறவிட்டதும் இல்லை.

“வா தங்கச்சி, உக்காரு. உன் மகளைத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்,” என்றார் காளியப்பன்.

“வேற யாரைப் பேசப் போறீங்க,” என்றபடி பிரேமலா நாற்காலியில் விழுந்தாள்.

பேச்சியம்மாள் அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பைப் பார்த்துவிட்டு, “விரதத்துல இருக்கே, ஒண்ணும் தின்னமாட்டே. பாலில்லாம ஒரு தே ஓ மட்டும் போடறேன்,” என்று பாத்திரத்தை எடுத்தாள்.

“கோல்கீப்பர் தரையில படுத்துட்டா. முன்னால ஒரு ஈ காக்கா கிடையாது. பந்து காலடியில கிடக்கு. நான் இந்த முட்டியை வச்சுக்கிட்டுப் போயிருந்தாலும் தட்டி விட்டிருப்பேன்லா,” என்றார் காளியப்பன்.

“நீ போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த மேட்ச் ஆரம்பிச்சிருக்கும்,” என்றாள் பேச்சியம்மாள்.

“நீ தே ஆத்து. தங்கச்சி, கோவிச்சுக்காதே. போன செப்டம்பர்ல குளுவாங்காரங்களுக்கு மூணு கோல் போட்டா. இதே நாற்காலியில உக்காந்து நான் என்ன சொன்னேன்? இவ தேசிய டீமுக்குப் போவான்னேன். இப்பப் பாரு. ஒரு மேட்ச் தீபாவளி, ஒரு மேட்ச் அமாவாசை.”

“தீபாவளியே அமாவாசையை ஒட்டித்தானே ஐயா வருது,” என்றார் சதாசிவம். பிறகு பிரேமலா பக்கம் திரும்பி, “பிள்ளை, இவர் சொல்றதைக் காதில போடாதே. இருபது வயசுதானே. உடம்பு இன்னும் ஒரு நிலைக்கு வரேல்லை. முன்னுக்கு நின்று ஆடுறவை இன்னும் ரெண்டு மூண்டு வருஷத்திலதான் ஒரு சீருக்கு வருவினம்,” என்றார்.

“ரெண்டு மூணு வருஷம் யாரு காத்திருப்பா? திறமை இருக்கு, நான் இல்லேங்கல. கன்சிஸ்டன்ஸி இல்ல.”

இந்த வார்த்தையைப் பிரேமலா மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் வரும், ஃபேஸ்புக்கில் வரும், கோயிலில் செருப்புப் போடுகிற இடத்தில்கூட யாராவது சொல்வார்கள். கார் வாங்கியவன் விற்றவனிடம் வந்து குறை சொல்வதைப் போல எல்லாரும் அவளிடம்தான் சொல்வார்கள். அவளுக்கு அந்த வார்த்தை தொழிற்சாலையிலேயே பழக்கம். முதல் சட்டைக்கும் ஐந்நூறாவது சட்டைக்கும் தையல் ஒரே மாதிரி ஓடியிருக்க வேண்டும். தையல் கோணியிருந்தால், முதலில் ஊசியைப் பார், நூலைப் பார், அப்புறம் தைத்தவளைத் திட்டு என்று புதிதாக வருகிற பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள்.

“அடுத்த சனிக்கிழமை கோலாலம்பூர்ல இருந்து ஆள் வர்றாங்க. தேசிய ஜூனியர் முகாமுக்கு ஆள் எடுக்க,” காளியப்பன் குரலைத் தணித்தார். “இன்னிக்கு ஆடினமாதிரி ஆடினா பேரை அடிச்சுட்டுப் போயிடுவாங்க. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். இதான் கடைசி.”

அது பிரேமலாவுக்குத் தெரியும். ஒரு வாரமாக அவள் தூக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

சதாசிவம் தேத்தண்ணீரை ஊதிக் குடித்துவிட்டு, ஏதோ கணக்கு நினைவுக்கு வந்தவர்போல நெற்றியைச் சுருக்கினார். “ஒண்டு கவனிச்சீரோ காளியப்பன்? போன வருஷமும் இப்பிடித்தான். பொங்கலுக்கு முன்னமே ஆட்டம் இறங்கிப்போட்டுது. தை முழுக்க ஒரு கோல் இல்லை. மாசி முடியேக்கதான் திரும்ப அடிக்கத் தொடங்கினவ. அதுக்கு முந்தின வருஷமும் அதேதான்.”

“அட, ஆமா. ஊருக்கெல்லாம் தை பிறந்தா வழி பிறக்கும், இவளுக்கு மட்டும் அடைபடுது. காதல் கீதல் ஏதாச்சும் இருக்கான்னு பாரு தங்கச்சி.”

“காதல் என்ன, வருஷா வருஷம் தையிலதான் வருமா?” என்றாள் பேச்சியம்மாள்.

“எனக்கென்ன தெரியும்.”

“அதான் தெரியுதே. உனக்கு எந்த மாசத்துலயும் வரல.”

சதாசிவம் குலுங்கிச் சிரித்தார். பிரேமலா சிரிக்கவில்லை. வாய்க்குக் கொண்டுபோன தம்ளரை அப்படியே மேசையில் வைத்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லோஷினியை மாநில அணியில் எடுக்காமல் விட்டார்கள். பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. அன்றைக்குப் பிரேமலா முருகனிடம் வேண்டிக்கொண்டாள்: இவளை டீமில் சேர்த்துவிடு, மூன்று வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். அடுத்த மாதமே ஒரு பெண்ணுக்குக் கால் சுளுக்கி, அந்த இடத்துக்கு லோஷினியைக் கூப்பிட்டார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் மார்கழியிலேயே காப்புக் கட்டி, ஒரு மண்டலம் வீட்டில் மரக்கறி, தரையில் படுக்கை, ஒருபொழுது சாப்பாடு. “எனக்காகத்தானே நீங்க இருக்கீங்க, நானும் உங்களோட ஒருவேளைதான்,” என்று முதல் வருஷமே மகள் சொன்னாள். பிரேமலாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்தக் காலத்துப் பிள்ளை இப்படி இருக்குமா என்று நாத்தனார் கிருஷ்ணம்மாவிடம் சொன்னாள், தொழிற்சாலையில் சொன்னாள், குருக்களிடம்கூடச் சொன்னாள். காலையில் பயிற்சிக்கு மட்டும் ஏதாவது சாப்பிடு என்று டப்பாவில் கட்டிக் கொடுப்பாள். டப்பா காலியாகத்தான் திரும்பும். அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை.

இது மூன்றாவது வருஷம். பூசத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

பேச்சியம்மாள் வந்து, “தே ஆறிப்போச்சே, வேற போடவா?” என்றாள். பிரேமலா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

லோஷினி ஸ்டிக் பையை இழுத்துக்கொண்டு வந்தாள். கடையில் இருந்தவர்களைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேராகக் காரில் ஏறினாள். முதல் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியதும் பிரேமலா கேட்டாள்.

“காலையில கட்டிக் குடுத்த இட்லி என்னாச்சு?”

“சாப்பிட்டேன்.”

“லோஷி.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “எங்க டீம் கோல்கீப்பர் நூருலுக்குக் குடுத்தேன். அவளுக்கு உங்க சட்னி ரொம்பப் பிடிக்கும்.”

“தினமுமா?”

“விரதம்னா விரதம்தானம்மா.”

“ஓடும்போது என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யல. கடைசியில கொஞ்சம் தலை சுத்தும். பந்து ரெண்டாத் தெரியும். அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம். பிரேமலா காரின் வேகத்தைக் குறைத்தாள். “கோச்சுக்கிட்ட சொன்னியா?”

“சொன்னா சாப்பிடச் சொல்வாரு.”

“நாளையிலேர்ந்து நீ மூணு வேளையும் சாப்பிடு. மிச்ச விரதத்தை நான் மட்டும் இருந்து முடிச்சுக்கிறேன். வேண்டிக்கிட்டது நான், நீ இல்ல.”

“நீங்க ஒருவேளை சாப்பிட்டுட்டு நாள் முழுக்க நின்னு வேலை பார்ப்பீங்க, உங்க முன்னால நான் மூணு வேளை தின்னணுமா? இறங்காதும்மா எனக்கு. இன்னும் கொஞ்ச நாள்தானே. கடைசி வருஷம். இப்பப் போய் விட்டுட்டா, அடுத்த சனிக்கிழமை ஏதாச்சும் ஆச்சுன்னா?”

அதைத்தான் பிரேமலாவும் நினைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுதலில் குறை வைத்தால் அது யார் தலையில் விடியும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். சரி சாப்பிடுகிறேன் என்று இந்தப் பெண் வாயால் சொன்னாலும், டப்பா நாளைக்கும் நூருலிடம்தான் போகும். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கும் பதில் பிரேமலாவிடமே இருந்தது.

சாலையோரம் ஒரு மலாய்க்கார அக்கா கடையில் கோழி பொரித்துக்கொண்டிருந்தாள். பிரேமலா காரை நிறுத்தி இறங்கிப்போய், சோறும் இரண்டு துண்டு கோழியும் கட்டி வாங்கிவந்தாள். கார் முழுக்க மஞ்சளும் எண்ணெயுமாக மணத்தது.

“ம்மா, எனக்கு வேணாம்னு சொல்றேன்ல.”

பிரேமலா பொட்டலத்தை மடியில் விரித்தாள். மணிக்கட்டில் இருந்த காப்பைப் பல்லால் கடித்து அவிழ்த்து, கைப்பைக்குள் போட்டாள். முருகா, கணக்கு என்னிடம் இருக்கட்டும், பிள்ளையிடம் கேட்காதே என்று மனதுக்குள் சொன்னாள். பிறகு ஒரு துண்டு கோழியை எடுத்துக் கடித்தாள்.

“அலமாக், அம்மா! என்ன செய்யறீங்க?”

“சாப்பிடறேன். விரதம் முடிஞ்சிருச்சு. எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல.”

கோழி வாயில் ருசிக்கவே இல்லை. உப்பா உறைப்பா என்றுகூடத் தெரியவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்காக மென்று விழுங்கினாள். லோஷினி கொஞ்ச நேரம் அழுதாள். “மூணு வருஷம்மா,” என்றாள். “எல்லாம் வீணாப்போச்சு.” சமாதானம் சொல்லுகிற தெம்பு பிரேமலாவிடம் இல்லை. பொட்டலத்தை மகளுடைய மடிக்கு நகர்த்தி வைத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு லோஷினி ஒரு பிடி சோற்றை எடுத்தாள். அப்புறம் தலையைத் தூக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிருஷ்ணம்மாவுக்குப் போன் செய்து இந்த வருஷம் குடம் எடுக்கவில்லை என்றாள். “பைத்தியமா உனக்கு? கடைசி வருஷத்துல வந்து?” என்று நாத்தனார் கத்தினாள். “ஆமாங்க,” என்றாள் பிரேமலா. எதற்கு ஆமாம் என்று கிருஷ்ணம்மாவும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் காலையில் இரண்டு முட்டை பொரித்து மகள் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்து தானும் ஒன்று சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினாள்.

சனிக்கிழமை ஆட்டத்தில் லோஷினி ஒரு கோல் அடித்தாள், ஒன்றைக் கோட்டைவிட்டாள். ஆனால் கடைசி விசில்வரை களத்தில் நின்றாள், பின்னால் ஓடிவந்து இரண்டு பந்துகளைப் பிடுங்கவும் செய்தாள். கோலாலம்பூரிலிருந்து வந்தவர்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் போய்விட்டார்கள். நாலைந்து நாள் கழித்துப் பெயர்கள் வந்தன. முகாமுக்குப் போகிறவர்களில் லோஷினி இல்லை. யாராவது வராமல் போனால் கூப்பிடப்படுகிறவர்களில் முதல் பெயர் அவளுடையது.

அதற்கு அடுத்த மேட்ச்சுக்குப் போனபோது பேச்சியம்மாள் கடையில் இதுதான் வழக்கு.

“ரிசர்வ்னா என்ன அர்த்தம்? வேணாம்னு மரியாதையாச் சொல்றது,” என்றார் காளியப்பன்.

“இல்லை ஐயா. கண்ணில பட்டிருக்கிறா எண்டு அர்த்தம். வளர்ற பிள்ளை.”

“எத்தனை வருஷம்தான் வளருவா? போன வாரம் அந்த ரெண்டாவது பந்தைப் பாத்தீங்கல்ல?”

“அந்த முதலாவது பந்தை நீர் பார்த்தனீரோ?”

பிரேமலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் சாப்பிடாமல் ஓடுவதை ஒருவாரம் முன்னாலேயே பார்த்திருந்தால், போன வருஷமே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்கிற கேள்வி அவளை விடாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. காப்பை அவிழ்த்ததற்குத் தண்டனையா இது, அவிழ்க்கத் தாமதமானதற்கா என்றும் தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

“நீ சொல்லு தங்கச்சி,” என்றார் காளியப்பன். “இத்தனை வருஷம் நாங்கதான் பேசறோம். பெத்தவ நீ. உன் மகளுக்கு என்னதான் குறை?”

பிரேமலா யோசித்தாள். “அவ ஒழுங்காச் சாப்பிடணும்ண்ணே,” என்றாள். “அவ்வளவுதான்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். “அம்மாமாருக்கு வேற என்ன தெரியும்,” என்று காளியப்பன் அன்போடு அவள் பக்கம் வடைத் தட்டைத் தள்ளிவிட்டு, மறுபடி சதாசிவத்தின் பக்கம் திரும்பினார். “இப்பச் சொல்லுங்க. பெனால்டி கார்னர்ல இவளை எங்க நிறுத்தணும்?”