மூன்றாம் தடவை கேட்காத அறக்கட்டளை

சூலூர் காளிச்சாமி ஒரு நாவலாசிரியர். இது அவர் வீட்டாருக்கும், எடைமேடைக்கு வந்துபோகும் சில லாரி டிரைவர்களுக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. பாரத்தோடு வரும் லாரியை மேடையில் ஏற்றச் சொல்லி, எடை பார்த்து, சீட்டுக் கொடுத்து அனுப்புவது அவருடைய உத்தியோகம். ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறும் வரைக்கும் இலக்கியத் தொண்டு. இப்படியே ஒன்பது வருடம் உழைத்து முதல் வரைவை முடித்துவிட்டார்.

முடித்த அன்று மனைவி பாவாத்தாளிடம் சொன்னார்.

"முடிஞ்சுதுங்களா? அப்ப அந்த மேசையக் காலி பண்ணிக் குடுங்க. அரிசி மூட்டை வெக்கோணும்."

அரிசி மூட்டைக்கு இடம் கொடுத்துவிட்டு, காளிச்சாமி தன் நாவலைத் தானே முதலிலிருந்து படித்தார். முதல் பாதி தேறியது. இரண்டாம் பாதி எழுதிய காலத்தில் பக்கத்தில் புதுச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜல்லி லாரி ஓயாமல் வந்தது. அதனால் வாக்கியங்கள் குறுகிப்போயிருந்தன. கதாநாயகன் மயிலான் தறிக்கூடத்தில் விரல்களை இழந்து முதலாளி முன்னால் நிற்கிறான். "உனக்கு என்னப்பா வேணும்?" என்று முதலாளி கேட்கிறார். நாவலே அந்தப் பதிலில்தான் நிற்கிறது. சரியாக அந்த இடத்தில் ஹாரன் அடித்திருக்கிறது. மயிலான் "ஒண்ணும் வேண்டாமுங்க" என்று சொல்லி அடுத்த அத்தியாயத்தில் செத்துப்போகிறான். நாளைக்கு எந்த விமர்சகராவது இதை ஒரு புதிய உத்தி என்று எழுதக்கூடும். காளிச்சாமிக்குத் தெரியும், அது ஜல்லி.

லாரி வராத ஒரு மூன்று மாதம் கிடைத்தால் இரண்டாம் பாதியை ஒழுங்காகத் திருப்பி எழுதிவிடலாம். எடைமேடை முதலாளி பாலுசாமியிடம் லீவு கேட்டார். பாலுசாமி தங்கமான மனிதர்.

"தாராளமா எடுத்துக்கப்பா. உனக்குப் பதிலா ஒரு ஆள வெச்சுட்டுப் போ. அவன் சம்பளத்த நீ குடுத்துரு, அவ்வளவுதான்."

இந்தச் சமயத்தில்தான் மகள் இனியா, சென்னையில் ஒரு அறக்கட்டளை எழுத்தாளர்களுக்கு நிதி உதவி செய்வதைக் கண்டுபிடித்தாள். விண்ணப்பத்தையும் அவளே நிரப்பினாள். "உங்கள் படைப்பு சமூகத்தில் ஏற்படுத்தப்போகும் தாக்கம் என்ன?" என்றொரு கேள்வி இருந்தது.

"யாரையும் தொந்தரவு பண்ணாதுன்னு போடு கண்ணு," என்றார் காளிச்சாமி. இனியா வேறு ஏதோ போட்டாள். நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது.

இந்த இடத்தில் கொங்கு நாட்டின் அடிப்படைச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் ஒன்றைக் கொடுக்க வந்தால் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. வயிறு காந்தினாலும் இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பது குடும்ப கௌரவம். மூன்றாம் தடவை கொடுக்கிறவர் டம்ளரைக் கையில் திணிப்பார். வாங்குகிறவர் "எதுக்குங்க சிரமம்" என்றபடி குடித்து முடிப்பார். முதல் தடவையே கை நீட்டியவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்காத சட்டம் என்பதால் இதை யாரும் மீறுவதில்லை.

அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் இனிமையாகக் கேட்டார்.

"இந்த உதவி உங்களுக்கு அவசியம்தானா சார்?"

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க. பெரியவங்க நீங்க இவ்வளவு தூரம் வந்ததே போதுமுங்க."

அம்மையார் எதையோ குறித்துக்கொண்டு நன்றி சொன்னார். காளிச்சாமி எழவில்லை. இன்னும் இரண்டு தடவை பாக்கி இருந்தது. கடைசியில் அடுத்த எழுத்தாளர் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபிறகுதான் எழுந்தார்.

வெளியே இனியா காத்திருந்தாள். "என்னப்பா சொன்னே?"

"இருக்கட்டுமுங்கன்னேன்."

"அப்பா, அவங்க மெட்ராஸ்காரங்க."

"அங்கயும் மனுசங்கதான கண்ணு இருக்கறாங்க."

நிதி வேறொருவருக்குப் போனது. காளிச்சாமி ஜல்லிக்குத் திரும்பினார். சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அறக்கட்டளையிலிருந்து பூஜிதா என்ற பெண் போனில் வந்தாள். தேர்வானவர் வெளிநாடு போய்விட்டாராம். பட்டியலில் அடுத்த பெயர் காளிச்சாமியுடையதாம்.

"நீங்க சரின்னு சொன்னா இன்னைக்கே முடிச்சிடலாம் சார். உங்களுக்கு வேணுமா?"

எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாவாத்தாள் கத்தியோடு தலையை ஆட்டினார். சரி என்று சொல்லத்தான் காளிச்சாமியும் வாயைத் திறந்தார். ஆனால் இது இரண்டாவது தடவை. ஐம்பத்து மூன்று வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"நம்மளவிடக் கஷ்டப்படறவங்க இருப்பாங்களுங்க அம்மணி. அவங்களுக்குப் பாத்துக் குடுத்துப்போடுங்க."

"உங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்ல சார்," என்றாள் பூஜிதா. குரல் தழுதழுத்தது. மூன்றாம் தடவைக்கு அறிகுறி என்று காளிச்சாமி நினைத்தார். போன் நின்றுவிட்டது.

பாவாத்தாள் கத்தியைக் கீழே வைத்தார். "ஏனுங்க, வேணும்னு சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"இன்னொருக்காக் கேப்பாங்கன்னு இருந்தேன்."

"பின்னாலயே வந்து கேக்கறதுக்கு அவங்க என்ன உங்க மாமியாளா? திருப்பிக் கூப்புடுங்க."

"நாமளாப் போய் எப்படிக் கேக்கறது?"

சாயங்காலம் இனியா கூப்பிட்டுப் பார்த்தாள். கேள்வி முடிவதற்குள் சரி என்று சொல்லத் தெரிந்த ஒருவருக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. காளிச்சாமிக்கும் ஒன்றும் இல்லாமல் போகவில்லை. அறக்கட்டளையின் முகநூல் பக்கத்தில் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டி, படத்தோடு ஒரு பத்தி வந்தது. பாலுசாமி அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, உனக்கெல்லாம் லீவே தேவையில்லப்பா," என்றார்.

தேவையில்லாத லீவை விட்டுவிட்டு, காளிச்சாமி எடைமேடை அறையிலேயே இரண்டாம் பாதியைத் திருத்த உட்கார்ந்தார். முதலாளி கேட்கிறார், உனக்கு என்னப்பா வேணும். மயிலான் நிமிர்ந்து பார்க்கிறான். "வேணுமுங்க. வைத்தியச் செலவு வேணும். வேலையும் வேணும்." இந்த இடத்தை நாலு பக்கத்துக்கு எழுதினார். ஒன்பது வருடத்தில் எழுதியதிலேயே இதுதான் உருப்படி என்று அவருக்குப் பட்டது.

மத்தியானம் சோற்றுப் போசியோடு வந்த பாவாத்தாளிடம் நீட்டினார். அவருடைய ஒரே வாசகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"ஆனா?"

"யாருங்க இந்த ஆளு? கேட்ட ஒடனே வேணும்ங்கறான். நம்மூரு ஆளாட்டவே இல்லியே."

காளிச்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தப் பக்கங்களை இன்னொரு தடவை படித்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து நாலு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். மயிலானை முதலில் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்ல வைத்தார். இரண்டாவது தடவையும் சொல்ல வைத்தார். மூன்றாம் தடவை முதலாளியைக் கேட்க வைக்கலாமா, அந்த ஆள் கேட்கிற ஆள்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேடையில் ஜல்லி லாரி ஏறி, ஹாரன் அடித்தது.