முகமூடியும் ஒரு பாரை மீனும்

போன ஞாயிறு காலை சல்லிக் கடற்கரையில் ஒரு முகத்தைப் பார்த்தேன். ஆள் இல்லை… முகம் மட்டும்! ஒரு பைபர் போட்டின் முன்பக்க அணியத்தில், எலுமிச்சங்காய்க்கும் செத்தல் மிளகாய்க்கும் நடுவே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளை வலைப்பின்னல் முகம். கொஞ்சம் கோணல் மூக்கு. அந்த மூக்கை எனக்கு நன்றாகத் தெரியும். அதை அச்செடுத்ததே எங்கள் ஆஸ்பத்திரியில்தான்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கிறவள். ஊர்ப் பேச்சில் ‘கரண்ட் பிடிக்கிற டொக்டர்’. என் பங்குக்குப் பெரும்பாலும் நுரையீரலும் மூளையும்தான் வரும். நுரையீரல்காரர்கள் லைட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, “சிகரெட்டை விட்டுக் கனகாலம் டொக்டர்” என்று சத்தியம் பண்ணுவார்கள். கலியாண வீட்டில் என் தொழிலைச் சொன்னால் பக்கத்துக் கதிரை மெல்ல நகரும். கால் நீட்டி உட்கார வசதியான தொழில்!

மூளைக்காரர்களின் சங்கதி வேறு. கதிர் போகும்போது தலை ஒரு நூல்கூட அசையக் கூடாது. அதற்காக, சுடுநீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுப்போம். அந்த முகமூடியைப் போட்டு ஆளை மேசையோடு பூட்டிவிடுவோம். சிகிச்சை முடிந்த பிறகு அது யாருக்கு? கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். ஒருவர் அதைக் கத்தரித் தோட்டத்தில் வெருளிப் பொம்மைக்கு மாட்டியதாகக் கேள்வி. இந்தக் கோணல் மூக்குக்காரர் யோகராசா கண்ணூறு படாமல் இருக்கப் போட்டில் கட்டியிருக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

யோகராசா சல்லியில் சொந்தமாகப் போட் வைத்திருப்பவர். மூளையில் கட்டி வந்தது. கொழும்பில் ஒப்பரேஷன், பிறகு என்னிடம் கதிர். இடையில் ஒரு தடவை வலிப்பு வந்ததால், “கடலுக்குப் போகவே கூடாது” என்று தடை போட்டவள் நான்தான். நடுக்கடலில் வலிப்பு வந்து தண்ணீருக்குள் விழுந்தால் யார் பிடிப்பது?

இப்போது முகமூடி போட்டில் தொங்குகிறது. அப்படியென்றால் ஆளும் கடலுக்குப் போகிறார் என்றுதானே அர்த்தம்?

வந்தது மீன் வாங்க. அது மறந்தே போய்விட்டது. தார்ப்பாய் நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த யோகராசாவுக்கு முன்னால் போய் நின்று கத்தினேன்.

“கடலுக்குப் போகாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? உங்களுக்கு உயிரிலை ஆசை இல்லையோ?”

மனிதர் பதறி எழும்பினார். “நான் எங்க டொக்டர் போனனான்? அம்மாளாச்சி அறியப் போகேல்லை. முகத்தை மட்டும்தான் அனுப்பினனான்!”

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய போட்டில் தொழிலுக்குப் போகும் மூன்று பேரும் வேறு போட் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். தலைக்குள் கட்டி வந்தவனின் போட் இனி எத்தனை நாளைக்கு ஓடும் என்ற பயம். அவர்கள் போய்விட்டால் போட் கரையில் கிடந்து காய வேண்டியதுதான். வீட்டு அடுப்பும் கூடவே காயும்.

“நான் இன்னும் இருக்கிறன் எண்டு பெடியளுக்குத் தெரிய வேணுமெல்லோ? அதுதான் கட்டிவிட்டனான். ‘அண்ணை முன்னுக்கு இருக்கிறார்’ எண்டு சிரிச்சுக்கொண்டு போய் வாறாங்கள்” என்றார்.

சரி, மன்னிப்புக் கேட்டுவிட்டு மீனை வாங்கலாம் என்று திரும்பினால்… வலை இழுத்தவர், கருவாடு காயப்போட்டவர், சைக்கிளில் வந்தவர் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். யோகராசாவின் மனைவி புஷ்பம் ஓடி வந்தவர், என்னைக் கண்டதும் மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

“டொக்டரே தேடி வந்திட்டா… எனக்கு என்னத்தை ஒளிக்கிறியள்?”

யோசித்துப் பாருங்கள். புற்றுநோய் டொக்டர் லீவு நாளில் கடற்கரைக்கு வந்து ‘உயிர்’ என்று கத்தினால் ஊர் என்ன நினைக்கும்? போட்டுக்காரப் பெடியன்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

“உண்மையைச் சொல்லுங்கோ டொக்டர். அண்ணை தப்புவாரோ?”

உண்மை என்னவென்றால், எனக்குத் தெரியாது. அடுத்த ஸ்கான் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு டொக்டர் வாய் திறந்து ‘தெரியாது’ என்றால் சனம் அதை எப்படி எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே மூன்று பேரும் போட் மாறிவிடுவார்கள்.

“நான் மீன் வாங்கத்தான் வந்தனான்” என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. அவர்களுடைய இடத்தில் நின்றால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

யோகராசா ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பாரையைத் தூக்கிக் காட்டி விலை சொன்னார். நான் அவசரமாகப் பேர்ஸைத் திறந்தேன். அவருடைய முகம் சுருங்கிப் போனது.

“பாத்தியளே, நீங்களும்தான். வருத்தம் வந்த நாள் துவக்கம் ஒருத்தரும் என்னோட விலை பேசுறேல்லை. கேட்டதைத் தந்திட்டுப் போகினம். சாகப் போறவனோட ஆர் டொக்டர் பேரம் பேசுவினம்?”

எத்தனையோ பேருக்கு மருந்தும் கதிரும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்படியொரு வலி இருப்பது இதுவரை என் புத்திக்கு எட்டவில்லை. பேர்ஸை ‘டப்’ என்று மூடினேன்.

“இந்தப் பாரைக்கு இந்த விலையோ? பகல் கொள்ளை! நிலாவெளியிலை இதிலை பாதி விலைதான்!”

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு நிமிர்ந்தார். “அப்ப நிலாவெளிக்கே போங்கோ! இஞ்ச ஏன் வந்தனீங்கள்?”

“மீனின்ரை கண்ணைப் பாருங்கோ, கலங்கிக் கிடக்கு!” சும்மா எடுத்துவிட்டேன். எனக்கு மீனின் கண்ணைப் பற்றி என்ன தெரியும்?

“காலமை பட்ட மீன் டொக்டர்! கோளாறு உங்கட கண்ணிலை. ஒருக்கா அந்த மிஷினுக்கை உங்கட தலையை வைச்சுப் பாருங்கோ!”

கரை முழுக்கச் சிரித்தது. நானும் விடவில்லை, போவதுபோல நடந்தேன். கூப்பிட்டார். திரும்பி வந்தேன். கொஞ்சம் இறங்கினார், நான் கொஞ்சம் ஏறினேன். மணலைத் தட்டிக்கொண்டு எழுந்த புஷ்பம், “ஒரு சதமும் குறைக்காதேங்கோ! அவ டொக்டர், அவவிட்டை இல்லாத காசோ?” என்று புருஷனுக்குத் துணைக்கு வந்துவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து திட்டினால் நான் என்ன செய்ய ஏலும்? தோற்றுப்போய் மீனை வாங்கினேன்.

அந்த மூத்த பெடியன் வலையைத் தோளில் தூக்கிக்கொண்டு கேட்டது காதில் விழுந்தது. “அண்ணை, நாளைக்கு நேரத்தோட வெளிக்கிடுவமோ?”

வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் மீன் வெட்டுவது என் கணவர். குசினியில் செவுளைத் தூக்கிப் பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். “காலமை பட்டதெண்டு ஆர் சொன்னது? இது முந்தநாளையான்!”

நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்துவிட்டார்.

அடுத்த ஸ்கான் என்ன சொல்லுமோ, எனக்குத் தெரியாது. ஆனால் முந்தநாள் மீனைத் தன் டொக்டருக்கே பேரம் பேசி விற்கிற மூளைக்கு, இப்போதைக்கு ஒரு குறையும் இல்லை!