ஆற்றுக்கடியில் ஒரு தீக்குச்சி

அறுபதுகளின் தொடக்கத்தில் லாரி என்ஜின் வேலை கற்றுக்கொள்ள ஹாம்பர்க் துறைமுக நகரத்துக்குப் போயிருந்தோம். நான் சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். என்னோடு அறையில் இருந்தவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை, என்னைவிட மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு குளிர்கால மாலையில் அவருக்குத் தந்தி வந்தது. அம்மா படுத்த படுக்கை, மகனைக் கேட்கிறாள், உடனே புறப்படு. மறுநாள் மதியம் பம்பாய்க்கு ஒரு சரக்குக் கப்பல் கிளம்புவதாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதில் அவருக்கு இடம் பிடித்தேன்.

கப்பல் ஆற்றின் அக்கரையில் நின்றது. பனிக்கட்டி மிதந்ததால் படகு ஓடவில்லை. சட்டென்று போய்ச் சேர ஆற்றுக்கு அடியில் இருந்த பழைய சுரங்கம்தான் வழி. எங்கள் அப்பாக்கள் பிறந்த காலத்தில் தோண்டியது. அதைச் சுற்றிப் பார்க்கலாம் என்று எத்தனையோ ஞாயிறு கூப்பிட்டிருக்கிறேன், மழுப்பிவிடுவார்.

லிஃப்டில் இறங்கினோம். ஓடு பதித்த நீளக் குழாய், சுவரில் மீனும் நண்டுமாகச் சிற்பங்கள், சைக்கிளில் போகும் தொழிலாளிகள். அழகுதான், அன்றைக்கு யாருக்கு வேண்டும்? அண்ணா சுரங்க வாயிலில் நின்றுவிட்டார். தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தார். அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் ஆழக் கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் விட்டுப் பார்ப்பார்கள். அணைந்தால் உள்ளே விஷக்காற்று. யாரும் இறங்க மாட்டார்கள்.

"அண்ணா, அந்தக் கோடியிலிருந்து காத்து வீசுது. அதான் அணையுது. வாங்க!"

"எங்கப்பங்கிட்டயும் இதயேதான் சொன்னாங்க சாமி. காத்தடிச்சு அணைஞ்சிருக்கும், எறங்குன்னு. பொணமாத்தான் மேல வந்தாரு."

"இத்தனை பேர் போறாங்களே!"

"போவட்டும். என்னால ஆகாது."

கையைப் பிடித்து இழுத்தேன். சுவர்க் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கும் ஆத்திரத்தில் அழுகை வந்தது. "அங்க உங்கம்மா உசுரக் கையில புடிச்சிட்டுக் கெடக்குறாங்கண்ணா!" என்று கத்தினேன். ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார். மறுபடியும் குச்சி கிழித்தார். அணைந்தது. காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டார்.

மேலே ஏறி, பாலம் வழியாகச் சுற்றி டாக்சியில் போனோம். கப்பல் புறப்பட்டுவிட்டது. அடுத்த கப்பலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்து அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது, முந்தின நாள்தான் கருமாதி முடிந்திருந்தது. அம்மா கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம்.

பயிற்சி முடிந்து திரும்பியதும் அவரைப் பார்க்கப் போனேன். மொட்டைத் தலையில் முடி வளர்ந்திருந்தது. சோறு போட்டார், மழை இல்லாததைப் பற்றிப் பேசினார், சுரங்கத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்தார்.

"ஏஞ்சாமி, அன்னைக்குக் குச்சி அணைஞ்சுது, உள்ள நல்ல காத்து வீசுனதாலதானா?"

"தெரியலீங்கண்ணா" என்றேன்.